மஞ்சப்பைக்குள் ஒன்பது டியூப்



கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸிலோ ரேஷன் கடை வரிசையிலோ நிற்கும்போது பொறுமையாகப் படித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நான் போடுகிற கோலமும் பழைய வகுப்புப் படமும் இன்றைக்கு இல்லை. இன்றைக்குப் பேசப்போவது படர்தாமரையைப் பற்றி. முகத்தைச் சுளிக்காதீர்கள். நம் குடும்பக் குழுவில் இருக்கிற 26 வீடுகளில் எனக்குத் தெரிந்தே 9 வீட்டில் அது இருக்கிறது. யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, 34 வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனாலும் இந்த விஷயத்தில் என் வீடு பட்ட பாடும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும், தோல் டாக்டர் அம்மா எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும் சேர்ந்து, வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதபடி செய்துவிட்டன.

முதலில் மருமகளுக்குத்தான் வந்தது. இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். ஓரம் தடித்துச் சிவந்து, நடுவில் மட்டும் தெளிந்து. அடுப்படி வேக்காடு, வியர்வை, ஐப்பசி மழையில் சரியாகக் காயாத துணி. "அத்தை, ராத்திரியெல்லாம் தூங்க முடியல" என்றாள். நானே என் கையால் அலமாரியிலிருந்து ஒரு டியூப்பை எடுத்துக் கொடுத்தேன். போன வருஷம் சாருக்கு வந்தபோது மெடிக்கலில் வாங்கியது, பாதி மிச்சம் இருந்தது. மூன்றே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பு மங்கியது. "பாத்தியா" என்று நான் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

இருபது நாளில் திரும்பி வந்தது, தொடையிலும் சேர்ந்து. இன்னொரு டியூப். பிறகு சாருக்கு. பிறகு எனக்கு, முழங்கைக்கு மேலே. வீட்டில் குளியலறைக் கொடியில் தொங்குவது ஒரே துண்டுதானே. கடைசியில் நாலு வயதுப் பேத்தியின் கன்னத்தில் அந்த வட்டம் வந்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்குள் பதினொரு மாதம் ஓடிவிட்டது.

தோல் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன தடவினீங்க? எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க." மறுநாள் மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது டியூப். பெயர் வேறு வேறு, அட்டைப்பெட்டியின் நிறம் வேறு வேறு. டாக்டர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த அந்த எழுத்தை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தார். ஒன்பதில் ஏழில் ஸ்டீராய்டு இருந்தது. 34 வருஷம் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள், அன்றைக்கு வரைக்கும் அந்த டியூப்பின் முதுகை ஒரு தரம்கூட வாசித்துப் பார்க்கவில்லை.

நம் ஊர் மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டால் கையில் கிடைப்பது பெரும்பாலும் கலவைக் களிம்பு. பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே ஒரு ஸ்டீராய்டு. எது என்ன நோய் என்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குண்டு. இதில் நமக்கு "உடனே கேட்குது" என்று தோன்ற வைப்பது ஸ்டீராய்டுதான்.

அது எப்படி என்று என் பாணியிலேயே சொல்கிறேன். ராத்திரி திருடன் வந்தால் வாசலில் நாய் குரைக்கிறது. அந்தக் குரைப்புதான் அரிப்பும் சிவப்பும். தோலில் புகுந்த பூஞ்சையை எதிர்த்து உடம்பு போடுகிற சத்தம் அது. ஸ்டீராய்டு திருடனைத் தொடுவதில்லை, நாயின் வாயைக் கட்டிவிடுகிறது. வீட்டுக்காரர் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுகிறார். திருடன் சாவகாசமாக அறை அறையாகப் போகிறான். வட்டம் வட்டமாக இருந்தது வடிவம் கெட்டு, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாதபடி உருமாறிவிடுகிறது. டாக்டர்களே சில நேரம் ஏமாந்துபோவார்களாம். தோல் மெலிந்து, தொடை இடுக்கில் பிரசவத் தழும்பு மாதிரி கோடுகள் விழுகின்றன. என் மருமகளுக்கு விழுந்திருக்கிறது. நோய் போய்விட்டது, கோடு போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

இத்தோடு போயிருந்தால் இது எங்கள் வீட்டுக் கதை. நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

டாக்டர் அம்மா தோலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பெரியவர்களுக்கு டெர்பினாஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் பென்ஷன் கணக்கைப் பார்க்கிற மாதிரி நாள் தவறாமல் எண்ணிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்தும் மருமகளுக்கும் சாருக்கும் அப்படியே இருந்தது. "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சோ?" என்று கேட்டேன். நம் எல்லோர் வாயிலும் வருகிற வார்த்தைதானே. அவர் சிரித்துவிட்டு, "டீச்சர், பழகினது உங்க உடம்பு இல்ல. பூஞ்சை" என்றார்.

இந்த ஒரு வரிதான் நான் இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம். "என் உடம்புக்கு அந்த மருந்து கேக்காது" என்று நாம் பிறந்த ராசி மாதிரிச் சொல்லிக்கொள்கிறோம். மருந்துக்கு அடங்காத குணம் நம் உடம்பில் இல்லை, பூஞ்சைக்குள் இருக்கிறது. பூஞ்சையோ துண்டு வழியாக, பாய் வழியாக, பெஞ்சில் ஒட்டி உட்கார்கிற பிள்ளை வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். வாழ்நாளில் ஒரு மாத்திரைகூட விழுங்காத குழந்தைக்கும், வரும்போதே மருந்துக்கு அடங்காத பூஞ்சையாக வந்து சேரும். என் டியூப், என் காசு, என் தோல் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

டெர்பினாஃபின் எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். நம் உடம்புச் செல்லின் சவ்வில் கொழுப்பு, அதாவது கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அதற்குப் பதிலாக எர்கோஸ்டெரால் என்று ஒன்று. அதைத் தயாரிக்கிற வழியில் ஒரு நொதியை இந்த மருந்து பூட்டிவிடுகிறது. சவ்வு கட்ட முடியாமல் பூஞ்சை சாகிறது. கோடிக்கணக்கில் பெருகும்போது தற்செயலாக ஒன்றிரண்டில் அந்த நொதியின் அமைப்பு துளி மாறிப்போகும். பூட்டின் துவாரம் மாறினால் சாவி சேராது. அரைகுறையாக மருந்து போட்டால், அடங்குகிறவை சாகும், அடங்காதவை தங்கி வம்சம் பெருக்கும். நாலு நாள் தடவி நிறுத்தி, திரும்ப வந்ததும் நாலு நாள் தடவி, நான் பதினொரு மாதம் செய்தது நாற்றங்காலில் நல்ல விதை பொறுக்குகிற வேலை. பூஞ்சைக்கு.

இது எங்கள் தெருவோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஏறக்குறைய பத்துப் பதினைந்து வருஷமாக இந்தியா முழுக்கத் தோல் டாக்டர்கள், படர்தாமரை முன்னே மாதிரி இல்லை, பரவலாக வருகிறது, பிடிவாதமாக நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் பெரும்பங்கு ஒரு பூஞ்சைக்கு. 2020-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள்: டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே. பெயரிலேயே நம் நாடு. அந்த வகையில் பலவற்றுக்கு டெர்பினாஃபின் வேலை செய்வதில்லை. 2023-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நியூயார்க் நகரத்தில் இரண்டு பெண்களுக்கு இது வந்ததை அறிவித்தது. ஒருவர் வங்கதேசம் போய் வந்தவர். இன்னொருவர் சமீபத்தில் வெளிநாடே போகாதவர். அங்கேயும் டெர்பினாஃபின் கேட்கவில்லை, மருந்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்டீராய்டு கலந்த களிம்பு கேட்பாரில்லாமல் விற்கப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று நம் ஊர் தோல் டாக்டர்கள் பலரும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கிற என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போகிற அந்த நாலு டியூப்பை ஒரு முறை திருப்பி வாசித்துப் பாருங்கள். எதற்குச் சொல்கிறேன் என்று புரியும்.

"அது போனா வேற மருந்து வராதா டீச்சர்?" என்று ஒருவன் போனில் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் சங்கடமானது.

நாம் பூஞ்சையைச் செடி கொடி வகை என்று நினைக்கிறோம். நானே அந்தக் காலத்தில் அப்படித்தான் படித்தேன். உண்மையில் உயிர்களின் குடும்பத்தில் பூஞ்சை செடியைவிட விலங்குகளுக்கு, அதாவது நமக்கு, நெருங்கின சொந்தம். பாக்டீரியா எங்கேயோ இருக்கிற அந்நியன், அவனை மட்டும் தாக்குகிற மருந்து கண்டுபிடிப்பது சுலபம். பூஞ்சை நமக்குப் பங்காளி முறை. பங்காளி வீட்டுக் கிணற்றில் விஷம் வைத்தால் ஊற்று வழியாக நம் கிணற்றுக்கும் வரும். அதனால்தான் பாக்டீரியாவுக்கு இத்தனை மருந்து இருக்க, உடம்புக்குள் கொடுக்கக்கூடிய பூஞ்சை மருந்துக் குடும்பங்களை ஒரு கைவிரலில் எண்ணி முடித்துவிடலாம்.

இருக்கிறவற்றிலும் பல, மண்ணில் தேடிப் பொறுக்கினவை. 1950-ல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்மணிகள் ஒரு பண்ணை மண்ணிலிருந்து எடுத்த மருந்துதான் நிஸ்டாட்டின். நியூயார்க் ஸ்டேட் என்பதுதான் அந்தப் பெயர். ஒருவர் ஒரு ஊரில், இன்னொருவர் வேறு ஊரில் இருந்துகொண்டு மண்ணையும் மாதிரியையும் தபாலில் அனுப்பிக்கொண்டே வேலையை முடித்தார்களாம். இதை மட்டும் தனிப் பதிவாக ஒரு நாள் எழுத ஆசை. தென்னமெரிக்காவில் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து வந்தது ஆம்போடெரிசின். நம்பர் ஒன் பலசாலி, ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். 2021-ல் கொரோனாவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை வந்தபோது ஊர் ஊராக அலைந்து தேடினோமே, அந்த ஊசி. அந்த வருஷம் ஜூன் முடிவதற்குள் நாட்டில் 40,000 பேருக்கு மேல் அந்த நோய் வந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும், அளவுக்கு மேல் ஸ்டீராய்டு ஏற்றப்பட்டவர்களையும்தான் அது தேடிப் பிடித்தது. நம் சொந்தத்திலேயே ஒருவரைப் பறிகொடுத்தோம். பெயர் சொல்லவில்லை, படிக்கும்போதே உங்களுக்குத் தெரியும்.

கேண்டிடா ஆரிஸ் என்று இன்னொன்று. 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. அடுத்த நாலைந்து வருஷத்துக்குள் டெல்லி ஆஸ்பத்திரிகளிலும் நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்துவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலிலும் கைப்பிடியிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் கிடக்கும். ஃபுளுகொனசோல் அதற்கு அநேகமாக வேலை செய்யாது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகள் 19-ஐப் பட்டியல் போட்டபோது, மேல்வரிசையில் இதுவும் இருந்தது. படர்தாமரை ஆளைக் கொல்லாது, இது கொல்லும். இரண்டும் வேறு வேறு பூஞ்சைதான். இரண்டுக்கும் எதிராக நம் கையில் இருப்பது அதே சின்ன மருந்துப் பெட்டி என்பதற்காகச் சொன்னேன்.

வயல் இருக்கிற சொந்தங்களுக்கு இரண்டு விஷயம். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

முதலாவது கண். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அறுப்பு நேரத்தில் நெல் தாள் கண்ணில் கீறிவிட்டது. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். சிவப்பு குறைந்தது, வலி குறைந்தது. இதற்குள் உங்களுக்கே கதை தெரிந்திருக்கும். அந்தச் சொட்டிலும் ஸ்டீராய்டு. பத்து நாள் கழித்து விழியில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நெல் தாளோடு போன பூஞ்சை உள்ளே வளர்ந்திருக்கிறது. அந்தக் கண்ணில் இன்றைக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. நம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தப் பூஞ்சைப் புண் மிகவும் சகஜம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முக்கியப் பங்கெடுத்த ஒரு ஆய்வு 2013-ல் வெளியானது. புதிய மருந்தான வோரிகொனசோலைவிடப் பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தே இதற்கு மேல் என்று அதில் நிரூபித்தார்கள். பழையது கைகொடுத்தது. அது நேரத்தோடு கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கண்ணில் தாள் பட்டால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். மெடிக்கல் வேண்டாம்.

இரண்டாவது தெளிப்பு. நெல்லில் இலையுறைக் கருகலுக்கும் வாழையில் இலைப்புள்ளிக்கும் நாம் அடிக்கிற ஹெக்சகொனசோல், புரோபிகொனசோல் இரண்டும், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இட்ராகொனசோலுக்கும் வோரிகொனசோலுக்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். கடைசியில் வருகிற 'அசோல்' என்கிற ஓசையே அதைச் சொல்லும். மண்ணிலும் மக்கிய குப்பையிலும் வாழ்கிற ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை, வயலிலேயே இந்த மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. பிறகு காற்றில் அதன் வித்து பறந்து, ஏற்கெனவே நுரையீரல் பலவீனமான ஒருவரின் மூச்சில் போனால், அவருக்கு எழுதுகிற மருந்து முதல் நாளே செல்லாக்காசு. நெதர்லாந்தில் டியூலிப் பூக்கிழங்குக் கழிவுக் குவியல்களில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே, அந்த மருந்தை வாழ்நாளில் சாப்பிடாத நோயாளிகளிடமும் மருந்துக்கு அடங்காத பூஞ்சை இருந்தது. நம் நாட்டிலும் நெல்வயல் மண்ணில், பூந்தொட்டி மண்ணில் எல்லாம் கண்டெடுத்திருக்கிறார்கள். தெளிக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? குத்தகைக்காரன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்து வயல்காரர் அடித்தார் என்று நாமும் அடிப்பதும், உரக்கடைக்காரர் கொடுத்த இரண்டை ஒரே டேங்கில் கலந்து 'ஒரு சேஃப்டிக்கு' அடிப்பதும் கலவைக் களிம்பின் அண்ணன் தம்பிதான். நோய் என்ன என்று வேளாண்மை அலுவலரிடம் ஒரு இலையைக் காட்டிக் கேட்டுவிட்டு அடியுங்கள்.

இனி கடைக்கு வருகிறேன். இந்தப் பகுதியை எழுதுவதற்கு முன் என் மாணவன் ஒருவனிடம் அனுமதி வாங்கினேன். அவன் மெடிக்கல் வைத்திருக்கிறான். மூன்றாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு பதிமூன்று வரை சொன்ன ஒரே பிள்ளை. அவன் கடையிலும் என் ஒன்பதில் இரண்டு வாங்கியிருக்கிறேன். நேரில் போய்க் கேட்டேன்.

"டீச்சர், நான் கொடுக்கலன்னா பக்கத்துக் கடையில வாங்கிப்பாங்க. சீட்டு இருக்கான்னு கேட்டா, நீ என்ன டாக்டரான்னு சண்டைக்கு வராங்க. கம்பெனிக்காரன் பத்து வாங்கினா ரெண்டு இனாம்னு கொடுக்கறான். சில டாக்டருங்களே இதத்தான் எழுதித் தராங்க. நான் ஒருத்தன் யோக்கியனா இருந்து என்ன ஆகப்போகுது?"

நாலும் உண்மை. அதனால்தான் நான் கோபமாகப் பேசவில்லை. ஆனால் சட்டமும் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு தோலில் பூசுகிற ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். அதே வருஷம் செப்டம்பரில், அறிவியல் நியாயம் இல்லாதவை என்று 328 கலவை மருந்துகளைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் இந்த மாதிரிக் களிம்புகளும் இருந்தன. ஒரு கலவையைத் தடுத்தால் ஒரு சரக்கைக் கூட்டிக் குறைத்து வேறு பெயரில் வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டு சேர்ந்த களிம்பு எதற்குமே கடையில் இடம் இருக்கக் கூடாது. அப்படியும் ஒருவருக்கு ஸ்டீராய்டு வேண்டியிருந்தால் டாக்டர் தனியாக எழுதட்டும். இதைச் சொன்னால் மருந்துக்கடை வைத்திருக்கிற என் மற்ற பிள்ளைகளுக்கு மனம் கஷ்டப்படும் என்று தெரியும். பரவாயில்லை, டீச்சரிடம் கோபித்துக்கொள்ளுங்கள்.

அவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "குழந்தைக்குன்னு கேட்டா கொடுக்க மாட்டேன் டீச்சர். அத மட்டும் சத்தியமா சொல்றேன்" என்றான். பாதி ஜெயம்.

கூலிக்குப் போகிறவர் டாக்டரிடம் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும், பஸ் செலவு, அங்கே காத்துக்கிடக்க வேண்டும். மெடிக்கல் என்றால் வழியில் இறங்கி ஐந்து நிமிஷம். இதை மறந்துவிட்டு "டாக்டரைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்வது வயிறு நிறைந்தவர் பேச்சு. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். அந்தப் பெண்கள் "வீட்டில் யாருக்காவது அரிப்பு, படை இருக்கிறதா, என்ன தடவுகிறீர்கள்" என்று சேர்த்து ஒரு கேள்வி கேட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தால் என்ன? சுகாதாரத் துறையில் இருக்கிற என் பிள்ளைகள் இரண்டு பேர் இதைப் படிப்பீர்கள். மேலே எடுத்துச் சொல்லுங்கள்.

கடைக்காரனைச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. கழுத்தில் படர்தாமரை. "ஒட்டிக்கும்" என்று மற்ற பிள்ளைகள் கத்தினார்கள். நான் அவளைக் கடைசியில், ஜன்னல் ஓரமாகத் தனியாக உட்காரவைத்தேன். அவள் அம்மா நடவுக்குப் போகிறவள். கடையில் ஏதோ களிம்பு வாங்கித் தடவினாள். நாலு நாளில் போய்விட்டது. நான் வகுப்பில் எல்லோரையும் கை தட்டச் சொன்னேன். அடுத்த மாதம் காதுவரைக்கும் ஏறி வந்தது. "திரும்ப அதையே தடவச் சொல்லு" என்றேன். அப்புறம் அவள் சில வாரம் பள்ளிக்கே வரவில்லை. பிறகு வந்தாள், படித்தாள். இப்போது அவளும் இந்தப் பக்கத்தில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர்" என்றாள். இருந்திருக்கும். என் மனசு நோகக் கூடாது என்று சொல்லியிருப்பாள்.

சரி, எங்கள் வீடு எப்படிச் சரியானது என்று கேட்பீர்கள். டாக்டர் அம்மா பெரியவர்களுக்கு மாத்திரையை இட்ராகொனசோலுக்கு மாற்றினார். சார் சாப்பிடுகிற இதய மாத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு எழுதினார். இரண்டும் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் உண்டாம், அதனால் இதையும் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். பேத்திக்கு ஸ்டீராய்டு இல்லாத களிம்பு மட்டும். வட்டத்துக்குள் மட்டும் இல்லாமல் அதைச் சுற்றி இரண்டு விரல்கடை வெளியேயும் தடவச் சொன்னார். போய்விட்ட மாதிரி தெரிந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல். இதுதான் கஷ்டமான பாடம். அரிப்பே இல்லாத தோலில் தினமும் மருந்து தடவ யாருக்கு மனசு வரும்? நான் காலண்டரில் கட்டம் போட்டு டிக் அடித்தேன். ஆளுக்கொரு துண்டு. துணியை வெந்நீரில் அலசி, வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போட்டு, இடுப்புத் துணிகளை இஸ்திரி போட்டு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம். ஐந்து மாதம் ஆனது. ஸ்டீராய்டை நிறுத்தின முதல் இரண்டு வாரம் முன்னைவிட அதிகமாகச் சிவந்து எரிந்தது. நாய் வாயைத் திறந்துவிட்டோம் அல்லவா. அந்த இடத்தில்தான் பலரும் பயந்து பழைய டியூப்புக்கே திரும்பிவிடுகிறார்களாம். நீங்கள் திரும்பாதீர்கள்.

என் அம்மா சீமை அகத்தி இலையை அரைத்துப் போடுவாள். அதைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், அதில் ஸ்டீராய்டு இல்லையே. ஆனால் இன்றைக்கு வந்திருக்கிற இந்தப் பூஞ்சை அம்மா காலத்துப் பூஞ்சை இல்லை. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் அரசு சித்த மருத்துவரிடமே போய்க் காட்டுங்கள். யூடியூப்பைப் பார்த்து எலுமிச்சையும் பூண்டும் வைத்துத் தோலை வேகவைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் இருக்கிற டியூப்பை இன்று ராத்திரியே எடுத்துப் பின்பக்கம் வாசியுங்கள். கண் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கிளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன். இந்த நாலில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கிளோபீட்டசால் என்கிற பெயர் குளோட்ரிமசோல், கீட்டோகொனசோல் என்கிற பூஞ்சை மருந்துகளின் கூடப் பிறந்தது மாதிரி ஒலிக்கும், ஏமாந்துவிடாதீர்கள். வேறு நோய்க்கு டாக்டர் எழுதிக்கொடுத்ததாக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே கேளுங்கள். மற்றது குப்பைக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதிவைப் படித்துவிட்டு உங்கள் படர்தாமரையைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். போன மாதம் லேசாக வாய் விட்டதற்கே பதினேழு படம் வந்துவிட்டது. அதில் மூன்று யாருடையது என்றே தெரியவில்லை. இடுப்பு மட்டும் தெரிகிறது.